இஸ்திரிப் பெட்டிக்குக் கரி மூட்டும்போது

தேய்ப்புத் தொழில் செய்யும் நம் குழுச் சகோதரிகளுக்குக் கொட்டாங்குச்சிக் கரி புதிதல்ல. ஆனாலும் ஒரு வார்த்தை சொல்கிறோம். கரி பிடிக்கவில்லையே என்று மண்ணெண்ணெயை மறுபடி ஊற்றாதீங்க. உள்ளே கனலும் சூட்டில் எண்ணெய் ஆவியாகி, குப்பென்று முகத்தில் பற்றிவிடும். அடியில் தேங்காய் நார் வைத்து, வாசலில் விசிறினாலே போதும். கொஞ்சம் பொறுமை வேணும், அவ்வளவுதான். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். கரிமேல் சாம்பல் பூத்ததும் இடுக்கியால் எடுத்துப் பெட்டியில் போடலாம்.

மழைக்காலத்தில்தான் பெரிய ஆபத்து. சாரலுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே தேய்ப்போம். புகைதான் இல்லையே என்று நினைப்போம். புகை அடங்கிய கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வந்தால் வேலையை விட்டுவிட்டு உடனே வெளியே வாங்க. உள்ளே பிள்ளை தூங்கினால் முதலில் பிள்ளையைத் தூக்குங்க. பிறகு 108-க்குச் சொல்லுங்க. மிச்சக் கரியைத் தண்ணீர் தெளித்து அணைத்து, ராத்திரி வெளியிலேயே வையுங்கள்.