பாலித் தீவில் நிலமும் நீர்ப் பங்கீடும்

இந்தோனேசியக் குடியரசைச் சேர்ந்த பாலித் தீவு, ஜாவாவுக்குக் கிழக்கே குறுகிய கடலிடுக்கு ஒன்றைத் தாண்டி அமைந்துள்ளது. அதன் பரப்பு 6,000 சதுர கிலோமீட்டருக்கும் குறைவே. அங்குள்ள உழவர்கள் பல நூற்றாண்டுகளாக நீரைப் பங்கிட்டு நெல் விளைவித்து வரும் முறை, உலகோர் கவனத்தை ஈர்த்துள்ளது. அம்முறை தீவின் நில அமைப்பிலிருந்து தோன்றியதாகும்.

தீவின் நடுவே கிழக்கு மேற்காக எரிமலைத் தொடர் ஒன்று செல்கிறது. அதன் மிக உயர்ந்த சிகரமாகிய ஆகுங், 3,000 மீட்டருக்கு மேற்பட்டது. 1963ஆம் ஆண்டில் அது வெடித்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். எனினும் அம்மலைகள் உமிழ்ந்த சாம்பலே நாளடைவில் வளமிக்க மண்ணாயிற்று. வடபுறத்தில் மலை கடலை ஒட்டிச் செங்குத்தாகச் சரிகிறது. தென்புறத்தில் சரிவு நீண்டு மெல்ல இறங்குகிறது. ஆதலால் நெல்வயல்களில் பெரும்பகுதி தெற்கிலேயே உள்ளது.

தென்கிழக்கே உள்ள நுசா பெனிடா என்னும் சிறு தீவில் வாழ்வோரும் பாலி மக்களே. ஆனால் அது சுண்ணாம்புப் பாறை நிலம். பெய்த மழை பாறை வெடிப்புகளில் இறங்கி மறைந்துவிடும். எனவே அங்குள்ளோர் மழைநீரைத் தொட்டிகளில் சேமித்து, மக்காச்சோளமும் மரவள்ளியும் பயிரிட்டு வந்தனர். மக்கள் ஒரே இனத்தவராயினும், நிலம் வேறானதால் பயிரும் வேறாயிற்று.

பெருந்தீவிலும் நீர் எளிதில் கிடைத்துவிடவில்லை. ஆறுகள் மென்மையான எரிமலைப் பாறையை அறுத்து ஆழ்ந்த பள்ளங்களில் ஓடுகின்றன. வயல்களோ மேட்டில் உள்ளன. ஆகவே ஆற்றை மேலே வெகு தொலைவில் மறித்து, பாறையைக் குடைந்து சுரங்கக் கால்வாய் வெட்டி, அடுக்கடுக்கான வயல்களுக்கு நீரைக் கொணர்ந்தனர். தனி ஒருவரால் இவ்வேலை ஆகாது. இத்தேவையால் எழுந்ததே 'சுபக்' என்னும் பாசனச் சங்கம். 11ஆம் நூற்றாண்டுச் சாசனங்களிலேயே இதைப் பற்றிய குறிப்பு உண்டு.

ஒரே கால்வாயில் நீர் பெறுவோர் எவ்வூரினராயினும் ஒரே சுபக்கைச் சேர்ந்தவராவர். தூர் வாருதல், விதி மீறியோருக்கு அபராதம் விதித்தல் ஆகியவை சங்கத்தின் பொறுப்பு. கால்வாய் பிரியுமிடத்தில், வெட்டுகள் அமைந்த மரக்கட்டை ஒன்று குறுக்கே கிடத்தப்பட்டிருக்கும். வெட்டின் அகலமே பங்கின் அளவாதலால், பங்கு சரியா என்பதை எவரும் கண்ணால் கண்டறியலாம்.

தலைமடை உழவர்க்கு நீர் முதலில் வந்துவிடுகிறதே, அவர் கடைமடையைப் பற்றிக் கவலைப்படுவானேன் என்று கேட்கலாம். அதற்கு விடை பூச்சியிலும் எலியிலும் உள்ளது. பரந்த பகுதி முழுவதும் ஒரே காலத்தில் நட்டு, ஒரே காலத்தில் அறுத்து, பின்னர் வயல்களைப் பயிரின்றி விட்டால், பூச்சிகள் உணவின்றி மடியும். கடைமடைக்கு உரிய காலத்தில் நீர் செல்லாவிடில் அங்கே நடவு பிந்தும்; பூச்சிகள் அவ்வயல்களில் தங்கிப் பெருகி, அடுத்த போகத்தில் மேல்வயல்களைத் தாக்கும். ஆகவே கீழே விடும் நீர் மேலுள்ள பயிருக்கும் காவலாகிறது. எவ்வயல்களில் எப்போது நடுவது என்பதை நீர்க்கோயில்களில் கூடி முடிவு செய்வர்.

1970களில் விளைச்சலைப் பெருக்க விரும்பிய அரசு, குறுகிய கால நெல் ரகங்களை இயன்ற போதெல்லாம் நடுமாறு ஊக்குவித்தது. பழைய நடவு ஒழுங்கு குலைந்தது. விரைவிலேயே நீர்த் தகராறுகளும் புகையான் முதலிய பூச்சிகளும் பெருகின. பின்னர் ஸ்டீபன் லான்சிங், ஜேம்ஸ் கிரெமர் என்னும் அமெரிக்க அறிஞர்கள் கணிப்பொறியின் துணையால் ஆராய்ந்து, கோயில்கள் வகுத்த ஒழுங்கே நல்ல விளைச்சலுக்கு உகந்தது எனக் காட்டினர். 2012ஆம் ஆண்டில் சுபக் முறை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது.

இன்று சுற்றுலா விடுதிகள் பெருகுவதால் அங்கு வயல்கள் குறைந்து வருகின்றன. ஒரு வயல் கட்டடமாக மாறினால், அதன் வழியே கீழ்வயலுக்குச் செல்லும் வாய்க்கால் தடைபடுகிறது. தூர் வார வருவோரிலும் ஒருவர் குறைகிறார்.

தலைமடை, கடைமடைத் தகராறு நம் ஊர்களுக்கும் புதிதன்று. பாசனத்தைப் பற்றி முடிவெடுக்கும் பஞ்சாயத்து உறுப்பினர்கள், தம் ஊரின் எல்லையோடு நின்றுவிடாமல், வாய்க்கால் பாயும் கடைசி வயல் வரை நோக்குதல் வேண்டும் என்பதே பாலித் தீவு தரும் பாடம்.