லத்தி ஆறட்டும் கண்ணு

ஏரிக்கரைக் குதிரைக்காரர்கிட்ட ரெண்டு மூட்டை லத்தி வாங்கி, அன்னிக்கே கேரட் பாத்தியில கொட்டிட்டேன்னு நேத்து போன்ல பெருமையாச் சொன்னே. முதல்ல போய் அதை அள்ளி எடு. மத்ததை அப்புறம் பேசலாம்.

இதே வேலையைப் பண்ணினவதான் நானும். ஏற்காட்டுக்கு வந்த முதல் வருஷம் பச்சை லத்தியைக் கொத்திவிட்டு கேரட் விதைச்சேன். மூணு மாசம் கழிச்சுப் பிடுங்கினா ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கால், மூணு கால், உடம்பெல்லாம் மயிர் மாதிரி சல்லி வேர். உங்க மாமா ஒண்ணைத் தூக்கிப் பிடிச்சு, "இது 20 ஊசி வளைவையும் தானே நடந்து இறங்கி சேலம் சந்தைக்குப் போயிடும்"னார். அதோட விட்டுச்சா? பாத்தி பூரா புல்லு. அந்த வருஷம் கேரட்டை விட களைதான் அதிகமாப் பிடுங்கினேன்.

காரணம் சின்னதுதான். மாடு அசை போட்டு, நாலு அறை வயித்துல ஊறப்போட்டுத்தான் வெளியே தள்ளும். குதிரை அசை போடாது. தின்ன புல்லோட விதையில நிறைய உயிரோடயே வந்துடும். மாட்டுக்குச் சாணி, ஆட்டுக்குப் புழுக்கை, குதிரைக்கு லத்தின்னு நம்ம ஆளுங்க தனித்தனியாப் பேர் வெச்சாங்களே, குணமும் அப்படித்தான் தனித்தனி. லத்தியில ஈரம் கம்மி, நார் அதிகம், உள்ளே காத்து ஓடும். அதனால குவிச்சு வெச்சா சாணியை விட சீக்கிரம் சூடேறும். அந்தச் சூடுதான் விதையைச் சாகடிக்கும். அதுக்கு நீ இடம் கொடுக்கணும், அவ்வளவுதான்.

ரெண்டு மூட்டை மட்டும் குவிச்சா சூடு நிக்காது. நீளம், அகலம், உயரம் மூணும் 3 அடியாவது இருக்கணும். அதுக்கு எட்டுப் பத்து மூட்டை வேணும். சராசரிக் குதிரை ஒண்ணு நாளைக்கு 15, 20 கிலோ போடும், மட்டக்குதிரைன்னா குறையும். எப்படியும் சரக்குக்குப் பஞ்சமில்லை. குறைஞ்சா சருகு, வெட்டின புல்லு, எஸ்டேட்ல பழம் உரிச்சுக் கொட்டுற காபித் தோல், எதையும் சேர்த்துக்கோ. லாயத்துல கீழே வைக்கோல் விரிக்கிறாங்களா, மரத்தூள் போடுறாங்களான்னு கேட்டு வாங்கு. மரத்தூள் மக்குறதுக்கு தழைச்சத்தை அதுவே இழுத்துக்கும். அது கலந்திருந்தா இன்னும் ரெண்டு மாசம் சேர்த்துக் கிடக்கட்டும். குடற்புழு மருந்து எப்போ கொடுத்தாங்கன்னும் கேளு. மருந்து கொடுத்த மறு வாரத்து லத்தி சாணி வண்டுக்கு ஆகாது. அதைத் தனியா ஒதுக்கிடு.

நம்ம மலையில இதுக்கு எதிரி மழைதான். தென்மேற்கும் விடாது, வடகிழக்கும் விடாது. திறந்து வெச்சா சத்தெல்லாம் கரைஞ்சு சரிவுல ஓடிடும். மேட்டுப் பக்கம் சின்னதா ஒரு கால்வாய் வெட்டி, மேலே தார்ப்பாய் போட்டு, நாலு மூலையிலயும் கல் வை. கிணத்துக்கும் ஊத்துக்கும் மேல் பக்கமாக் குவிக்கவே கூடாது.

வாரம் ஒரு தடவை புரட்டு. வெளியே இருக்கிறது உள்ளே போகணும், அதுதான் முக்கியம். ஒரு பிடி எடுத்துப் பிழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டு வந்தாப் போதும். மார்கழிக் காலையில, மூடுபனியில எதிர்வீடே தெரியாதப்போ தார்ப்பாயைத் தூக்கிப் பாரு, இட்லிப் பானை திறந்த மாதிரி ஆவி அடிக்கும். ஒரு இரும்புக் கம்பியை நடுவுல சொருகிப் பத்து நிமிஷம் விட்டு எடு. கையில பிடிக்க முடியலைன்னா சரியான சூடு. 55 டிகிரிக்கு மேல ரெண்டு வாரம் நின்னா, புரட்டுற ஒவ்வொரு தடவையும் திரும்ப ஏறினா, புல்லு விதை பெரும்பாலும் செத்துடும். அப்புறம் ரெண்டு மூணு மாசம் சும்மா கிடக்கட்டும். குவியல் பாதியாக் குறைஞ்சு, கறுத்து, மழை பெஞ்ச மண்ணு வாசம் வந்தா எடுத்துக்கலாம்.

இந்தச் சூட்டை வீணாக்காம 19-ம் நூற்றாண்டுல பாரிஸ் தோட்டக்காரங்க குளிர்காலத்துலயே கீரை எடுத்திருக்காங்க. லத்தியைப் பரப்பி, மேலே மண்ணு போட்டு, கண்ணாடி மூடியை வெச்சுட்டா கீழேயிருந்து அடுப்பு. நான் மார்கழியில மிளகாய், தக்காளி நாத்துத் தட்டை குவியல் மேல வெக்கிறேன். தரையில முளைக்கவே அடம் பிடிக்கிற மிளகாய் அங்கே பிடிவாதத்தை விட்டுடுது.

போடுற அளவு: பல காய்கறிக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்ற தொழுவுரக் கணக்கு ஹெக்டேருக்கு 25 டன். உன் 10-க்கு 4 அடி பாத்திக்கு அது ஒன்பது, பத்துக் கிலோ, பெயின்ட் வாளியில ஒண்ணு. முட்டைக்கோஸ், பூசணி, சௌசௌ இதுக்கெல்லாம் தாராளமாப் போடு. பீன்ஸுக்கு அள்ளிப் போட்டா வெறும் இலைதான். கேரட்டுக்கு நேரா வேண்டாம், முன்னாடி கோஸ் வெச்ச பாத்தியில விதை. நம்ம மண்ணு புளிப்பு மண்ணுன்னு சுண்ணாம்பு போடுவே இல்லையா, அதைப் பச்சை லத்தியோட சேர்க்காதே. மூக்கைத் துளைக்குமே ஒரு நெடி, அது உன் தழைச்சத்து காத்துல போற வாசம்.

கையுறை போடு. குதிரை லத்தியில ரணஜன்னிக் கிருமி இருக்கும், கையில கீறல் இருந்தா விளையாட்டு வேண்டாம், ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு சீட்டைப் பாரு. பாத்தியில ஏற்கெனவே கலந்துபோனதை முழுசா அள்ள முடியாது, தெரியும். பச்சை எரு கலந்த மண்ணுல கேரட், கீரை மாதிரி மண்ணு ஒட்டுறதை 120 நாள் கழிச்சுத்தான் அறுக்கணும்னு அமெரிக்க இயற்கை வேளாண்மை விதி சொல்லுது. அந்தப் பாத்தியில இப்போதைக்குச் சோளம் போட்டுடு.

ஞாயித்துக்கிழமை வர்றேன். தார்ப்பாய் நான் கொண்டு வர்றேன், கம்பி மட்டும் தேடி வை.