உதிரப்போக்கைக் குறைக்கும் மாத்திரை: உட்கொள்ளுமுன் அறிய வேண்டியவை

மாதவிடாயின்போது கருப்பையின் உட்சுவரில் திறந்துகொள்ளும் நுண்குழாய்களை உறைந்த குருதியே அடைக்கிறது. அவ்வுறைவைக் கரைக்கும் இயல்பும் உடலுக்கு உண்டு. கரைதல் விரைவானால் உதிரப்போக்கு மிகும். டிரானெக்சாமிக் அமிலம் இக்கரைதலைத் தடுக்கிறது. பிரசவத்திற்குப்பின் குருதியிழந்து மடியும் தாய்மாரைக் காக்கும் நோக்குடன் ஜப்பானிய ஆய்வாளர்களான ஒகமோட்டோ தம்பதியர் 1960களில் கண்டறிந்த மருந்து இது.

இது ஹார்மோன் மாத்திரை அன்று. ஆகவே கருத்தடைக்கு உதவாது. மாதச் சுழற்சியைச் சீராக்காது. திருமணம், திருவிழா ஆகியவற்றிற்காக நாளைத் தள்ளிப்போட இதைக் கேட்டு வருவோர் உண்டு. அது முற்றிலும் வேறு மருந்து.

பொதுவாக 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு வீதம் நாளொன்றுக்கு மூன்று வேளை, உதிரப்போக்கு மிகத் தொடங்கிய பின்னர், நான்கு அல்லது ஐந்து நாள்கள் வரை மட்டும் பரிந்துரைக்கப்படும். சிறுநீரகக் குறைபாடு உள்ளோர்க்கு அளவு குறையும். சிலர்க்குத் தரவே இயலாது. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையில் இரட்டிப்பாக உட்கொள்ளலாகாது. மெஃபனாமிக் அமிலம் சேர்ந்த கூட்டு மாத்திரையும் கடைகளில் கிடைக்கிறது. அதனுடன் வேறு வலிநிவாரணியும் சேர்ந்தால் வயிற்றுப்புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் நேரலாம். அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள்.

கால் நரம்பிலோ நுரையீரலிலோ குருதி உறைந்தவர்கள், பக்கவாதம் கண்டவர்கள், வலிப்பு நோயுள்ளவர்கள், கருத்தடை மாத்திரை உட்கொள்பவர்கள் ஆகியோர் அதனை மருத்துவரிடம் முதலிலேயே கூற வேண்டும். மருந்தின்போது ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ பார்வை மாற்றமோ பேச்சுக்குழறலோ தோன்றினாலோ மாத்திரையை நிறுத்தி உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். குமட்டலும் வயிற்றுப்போக்கும் அத்தகையன அல்ல. அவை பெரும்பாலும் தாமே தணியும்.

என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்வது வீட்டில் எஞ்சிய அட்டையே. மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த மாமியாருக்கு மீண்டும் சிறிது உதிரம் கண்டால், மருமகளின் மாத்திரையைக் கொடுத்துவிடுகின்றனர். உதிரம் நிற்கக்கூடும், ஆனால் கருப்பைப் புற்றுநோய் இருப்பின் அது உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். அவ்வயதில் ஒரு துளி கண்டாலும் ஸ்கேனும் தேவையெனில் திசுப் பரிசோதனையும் முந்த வேண்டும். நாள் தள்ளிய பின் உதிரம் காணும் இளம்பெண்ணுக்குக் கருவுற்றுள்ளாரா என்ற பரிசோதனையே முதலாவது.

மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, மயக்கம் வந்தாலோ மாத்திரை வேலை செய்யுமெனக் காத்திராதீர்கள். மற்றபடி, எந்த நாளில் எத்தனை நாப்கின் என்று குறித்த தாளையும் அண்மைய ஹீமோகுளோபின் முடிவையும் அடுத்த வருகையின்போது கொண்டு வாருங்கள். அது 12 கிராமுக்குக் குறைந்திருந்தால் இரும்புச்சத்து மாத்திரையும் தேவைப்படும். அதைத் தேநீருடன் உட்கொள்ள வேண்டா.