கத்திப் பிடியும் சில பிரமைகளும்

சமையலறைக் கத்தி வாங்கப் போகிறவருக்குக் கடைக்காரர் செய்யும் முதல் உபதேசம், மரப்பிடியில் கிருமி சேரும், செயற்கைப் பிடியே சுத்தமானது என்பதாகும். மரம் நீரை உறிஞ்சும் என்பது வாஸ்தவமே. ஆனால் உறிஞ்சப்பட்டதெல்லாம் அங்கே உயிரோடு பெருகும் என்று முடிவு கட்டுவது அவசரம். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், மரத்தாலான காய்கறிப் பலகையில் கிருமிகளை ஒழிக்கும் வழி தேடப் புகுந்த டீன் கிளைவர் என்ற அறிஞரும் அவருடைய சகாக்களும், மேற்பரப்பில் விட்ட பாக்டீரியாக்கள் மரத்தினுள் இழுக்கப்பட்டு மேலே மீளாமற் போவதையும், கத்திக் கீறல் விழுந்த பிளாஸ்டிக் பலகையிலோ அவை கையால் தேய்த்துக் கழுவிய பின்னும் தங்கியிருப்பதையும் எதிர்பாராத விதமாகக் கண்டார்கள். அது பலகையைப் பற்றிய பரிசோதனையேயன்றிப் பிடியைப் பற்றியதன்று. ஆகவே அதைக் காட்டி மரப்பிடிக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுத நான் துணியமாட்டேன். அழுக்குக் குடியேறும் இடம் பிடிக்கும் இரும்புக்கும் இடையேயுள்ள சந்து. அலகின் மேலேயே வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் பிடியில் அந்தச் சந்து குறைவு. இறைச்சிக் கடைகளில் அதற்குள்ள மதிப்பில் நியாயம் இருக்கிறது.

மரப்பிடியில் சந்து விழுவது ஏன் என்றால், பச்சை மரம் முற்றும் உலரும்போது நார் ஓடும் நீளவாக்கில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே சுருங்க, குறுக்குவாக்கிலோ பல ஜாதி மரங்களில் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பங்கு வரை சுருங்குகிறது; உலர்ந்து பிடியான பின்னும் ஈரம் கண்டால் உப்புவதும் காய்ந்தால் ஒடுங்குவதுமாகிய இந்தச் சுபாவம் அதைவிட்டு நீங்குவதில்லை. இரவெல்லாம் தொட்டித் தண்ணீரில் கத்தியை ஊறவைத்துவிட்டு மரத்தைக் குறைகூறுவது அநியாயம். ஜப்பானியர் தங்கள் சமையற் கத்திக்கு மக்னோலியா இனத்து இலேசான மரத்தில் பிடி செய்து, வாய்ப்புறத்தில் எருமைக் கொம்பினால் பூண் போட்டு, பழுதானால் கழற்றி மாற்றிவிடுகிறார்கள்.

செயற்கைப் பிடி அழியாது என்பது இரண்டாவது பிரமை. செயற்கை என்பது ஒரே வஸ்துவா? 1907-இல் லியோ பேக்லாந்து கண்டுபிடித்த பேக்கலைட் ஒரு முறை இறுகினால் உருகாது, ஆனால் கீழே விழுந்தால் விண்டுபோகும். மலிவான கத்திகளில் காணும் பாலிபுரொப்பிலீன் விழுந்தால் தாங்கும், ஆனால் 160 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகுவதால் அடுப்பருகே வைக்கத் தகாது, நாள்பட்ட வெயிலில் நொறுங்கும். மைகார்ட்டா என்பதோ துணியையோ காகிதத்தையோ அடுக்கடுக்காகப் பிசினில் தோய்த்து அழுத்தியது. பருத்தியும் மரக்கூழும் அதற்குள்ளே இருக்க, அதை மரத்துக்குப் பகையென்று சொல்வது வேடிக்கைதான். மெல்லிய மரத் தகடுகளுக்கே பிசின் ஊட்டி இறுக்கிய பிடிகளும் விற்பனையில் உண்டு.

எண்ணெய் பூசினால் மரத்தில் நீர் இறங்கவே இறங்காது என்பதும் மிகை. நீர் புகுவது தாமதப்படும், அவ்வளவே. தேங்காயெண்ணெய் காய்ந்து இறுகாது. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகும் ஆளிவிதை எண்ணெயே இதற்குத் தக்கது. அப்படி இறுகும்போது சூடு பிறக்குமாதலால், பூசிய துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானே தீப்பற்றக்கூடும். அதை வெளியில் விரித்து உலர்த்த வேண்டும்.