புல்வெளியும் காடுதான்

ஊட்டி டூர்ல யூகலிப்டஸ் தோப்பு முன்னாடி செல்ஃபி எடுத்திருப்பீங்க. பக்கத்துப் புல்மேட்டைக் கண்டுக்கவே மாட்டீங்க. 'உயர் பாதுகாப்பு மதிப்புள்ள காடு' என்ற கருத்தை 1999இல் எஃப்.எஸ்.சி. என்ற வனச் சான்றிதழ் அமைப்பு கொண்டுவந்தது. இன்று அதில் ஆறு மதிப்புகள். மர எண்ணிக்கை அதில் ஒன்றல்ல!

முக்கூர்த்தியின் சோலை, புல்வெளியில் வெச்சுப் பாருங்க. வரையாடு இருக்கு, அரிய சூழல் இருக்கு, தோடர்களின் புனித இடங்கள் இருக்கு. 1932 முதல் மின்சாரம் தரும் பைக்காராவுக்குத் தண்ணியும் இங்கிருந்துதான் (நம்ம டிபார்ட்மென்ட் மேட்டர்).

சரி, நிர்வாகம்? புல்வெளியில் கொண்டுவந்து நட்ட வாட்டில் மரத்தை வெட்டினா முடிஞ்சுதா? இல்ல. அதன் விதை பல வருஷம் மண்ணுக்குள்ள உயிரோட கிடக்கும். வெயில் பட்டதும் கூட்டமா முளைக்கும். டெண்டர் விட்டு வெட்டுறது ஈஸி. அப்புறம் வருஷா வருஷம் நாற்றைப் பிடுங்கி, உள்ளூர்ப் புல்லை நடுறதுதான் நிஜமான வேலை.