பாட்டு டீச்சருக்கு முதல் மாதம்

தொடக்கப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? முதல் வாரமே சரளி வரிசையில் இறங்க வேண்டாம். நீங்கள் ஒரு வரி பாடுங்கள், பிள்ளைகள் அதையே திருப்பிப் பாடட்டும். பாட்டு காதில் ஏறிய பிறகு ஸ்வரம் சொல்லித் தருவது சுலபம்.

சுருதியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆண் ஆசிரியர் தன் குரலுக்கு வசதியாக ஒரு கட்டையில் பாடினால், குழந்தைகள் அந்தக் கீழ்க் குரலைத் தேடி முனகுவார்கள். சுருதிப் பெட்டியை வைத்து அரைக் கட்டை அரைக் கட்டையாக ஏற்றிப் பாருங்கள். கழுத்து நரம்பு புடைக்காமல், கத்தாமல் பாட்டின் உச்சி வரி வந்தால் அதுதான் அந்த வகுப்பின் சுருதி.

சத்தம் கூடினால் நீங்களும் கத்தாதீர்கள், தொண்டை போய்விடும். பேசாமல் ஆதி தாளம் போடத் தொடங்குங்கள். ஒரு தட்டு, சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் 8 எண்ணிக்கை. சில சுற்றுகளில் கடைசி பெஞ்சும் சேர்ந்துகொள்ளும்.

சுருதி சேராத குழந்தையிடம் “நீ வாயை மட்டும் அசை” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல் ஆயுசுக்கும் தங்கிவிடும். நன்றாகப் பாடும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள்; மாதக்கணக்கில் ஆனாலும் பொறுத்திருங்கள். ஆண்டு விழாவில் நாலு பேரைப் பொறுக்கி எடுக்காமல் முழு வகுப்பையும் மேடை ஏற்றுங்கள்.