முதல் சுற்றிலேயே பறக்காதீங்க!

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் 800 மீட்டர் இறுதியில் முதல் சுற்றை முன்னணியில் முடித்தவர் நம் ஸ்ரீராம் சிங். கடைசியில் கிடைத்தது ஏழாவது இடம். ஆனாலும் அன்று அவர் ஓடிய 1:45.77 தேசிய சாதனையாக 2018 வரை அசையவில்லை!

2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் மன்ஜித் சிங் கதை வேறு. பொறுமையாகப் பின்னால் வந்து, கடைசி நேர்ப்பாதையில் முந்தித் தங்கம் வாங்கினார்.

ஸ்ரீராம்புரத்துப் பிள்ளைகள் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் இறங்குமுன் இதைக் கணக்கில் வைக்கலாம். முதல் சுற்று இரண்டாவதைவிட இரண்டு விநாடி வேகமாக இருந்தால் போதும். ஐந்து என்றால் ஆபத்து. 500 மீட்டருக்குமேல் கால் கனக்கும். அங்கே தோளைத் தளர்த்தி, கையை நன்றாக வீச வேண்டும். வளைவுகளில் இரண்டாவது லேனிலேயே ஓடினால் ஒரு சுற்றுக்கு ஏழு மீட்டருக்கு மேல் வீண். அதனால் முந்துவதை நேர்ப்பாதையில் வைத்துக்கொள்வதே லாபம்.

போட்டிக்கு மூன்று மணி நேரம் முன்பே இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளவும். மசால் தோசை ஓடி முடித்த பிறகு! புது ஸ்பைக்ஸைப் பயிற்சியில் பழக்காமல் போட்டியன்று மாட்டவே வேண்டாம்.